ஒன்று முதல் ஐந்து வரை

பயிற்சி முடிந்து படிவம் வந்திருக்கிறது.
எது கூடப் பயன் தந்தது, நேரிலா, திரையிலா?
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.

வூப்பர்டாலில் ஒரு குடும்பத்துக்கு
நேரில் ஓர் இடந்தான் கொடுத்தார்கள்.
அது தர்மினிக்குப் போனது.
எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
செவ்வாய் ஆறு மணிக்கு
ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துக்
குசினி மேசையில் படித்தேன்.

ஒன்பது சதுரங்களில் ஒன்பது வீடு.
ஒன்றில் எப்போதும் சீலிங் மட்டும் தெரியும்.
அந்தத் தாயை நான் கண்டதில்லை,
அவள் வீட்டு விளக்கில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைத் தெரியும்.

ஒரு சொல் சொல்லுங்கள், என்றார் ஃப்ராவ் ஹோல்ட்காம்ப்.
பிறகு காத்திருங்கள்.
மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.
எண்ணிக் காட்டியவர் நான்கில் உறைந்துபோனார்,
வாய் பாதி திறந்தபடி.
நான் பதினேழு வரை போனேன்.

மறுநாள் காலை
"சப்பாத்து" என்று ஒரு தரம் மட்டும் சொல்லிவிட்டு
வாசலில் மரம்போல் நின்ற அப்பாவைச்
சாருகன் சுற்றி வந்து பார்த்தான்.

தர்மினி படித்தது வேறு.
எல்பர்ஃபெல்டில் மூன்றாம் மாடி, தரையில் மெத்தை.
ஆளுக்கு ஆள் பிள்ளையாக நடிக்கவேண்டுமாம்.
ஆறடி உயரத் துருக்கித் தகப்பன் ஒருவர்
காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனவர்
நடிப்பு முடிந்த பிறகும் வரவில்லையாம்.
சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்கினாள்.

மணிக்கட்டைப் பிடித்து இழுக்காதே,
முழங்கைக்குக் கீழே கை கொடு.
என் கையிலேயே செய்து காட்டினாள்.
பன்னிரண்டு வருசத்தில் அந்த இடத்தை
அவள் தொட்டதாக ஞாபகமில்லை.
வேலைக்குப் போகிற பஸ் முழுக்க அது சூடாயிருந்தது.

அப்படியானால் நேரில்தான், ஐந்து,
என்று வட்டமிடலாம்.
ஆனால் சாருகனை அங்கே கூட்டிப்போன ஒரே நாள்
எங்கள் காதுக்கு எட்டாத குழல்விளக்கு இரைச்சல்
அவனைச் சுவரோடு சுவராக்கியது.
அவன் அடங்க,
தொங்குரயிலில் ஓபர்பார்மனுக்கும் வோவிங்கலுக்கும்
நான்கு தரம் போய்வந்தோம்.
கீழே ஆறு. வகுப்பு அதோடு சரி.

வீட்டில் இரண்டு பள்ளிக்கூடம் நடந்தது.
நீ சும்மா நிற்கிறாய், என்றாள்.
நீ அவசரப்பட்டுத் தொடுகிறாய், என்றேன்.
இரண்டும் உண்மை.

ஏழாவது செவ்வாய்.
அடுப்பில் பிட்டு அவிகிறது.
ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் ஏதோ அட்டவணையை விளக்குகிறார்.
சாருகன் மேசைக்கடியிலிருந்து வந்து
ஃபோனின் விளிம்பை அழுத்தினான்.
ஒலி ஒவ்வொரு புள்ளியாய்க் குறைந்து
இல்லாமல் போனது.
அவர் வாய் மட்டும் அசைந்தது, மீன்தொட்டியில்போல.

கூட்டிவைக்கப் போன கையை மடக்கிக்கொண்டேன்.
போதும், என்று ஏழு வயதில்
முதல்முறையாகச் சொல்லியிருக்கிறான்.
நான்தான் பதில் சொல்ல வேண்டும்.
ஒன்று. இரண்டு.

அவர் கண்டுவிட்டார்.
பேச்சை நிறுத்தி விரல்களை மடக்கத் தொடங்கினார்.
மற்றச் சதுரங்களிலும் விரல்கள்.
சீலிங் சதுரத்துக்குள்
கீழேயிருந்து ஒரு கை எழுந்து வந்தது,
கையுறைத் தழும்போடு, சுண்டுவிரல் மடங்கி.

தர்மினி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வந்து
அவன் முழங்கைக்குக் கீழே வைத்தாள்.
தூக்கவில்லை. தாங்கினாள்.

ஒன்பதில்
சாருகன் ஒரு புள்ளி ஒலி திருப்பித் தந்தான்.
ஒன்றே ஒன்று.
அன்றைய மீதி வகுப்பை
எல்லோரும் அந்த அளவிலேயே கேட்டோம்.
பிட்டு அடிப்பிடித்தது.

எண்களில் வட்டம் போடவில்லை.
கடைசியில் "பிற கருத்துகள்" என்று ஒரு கோடு இருந்தது.
என் ஜெர்மனில் பிழை இருக்கும், என்றாலும் எழுதினேன்:
சீலிங் மட்டும் தெரிகிற அந்த வீட்டுக்கு
யாராவது நேரில் போங்கள்.
போனால் பேச வேண்டாம்.
முழங்கைக்குக் கீழே கை கொடுங்கள்.